இட்டேரி முள்ளுக்கு ட்யூப்லெஸ்: ரேஸுக்கு முன் ஒரு டயர் வேலை

கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் மவுன்டன் பைக் ஓட்டுகிறவர்களிடம் எது பெரிய தொல்லை என்று கேட்டால் ஏற்றம் என்று சொல்ல மாட்டார்கள். முள் என்பார்கள். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே போகிற இட்டேரிகள்தான் எங்களுக்கு டிராக். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வெள்வேல், நடுநடுவே தானாக முளைத்து நிற்கும் சீமைக்கருவேலம். வேலியைக் கழிக்கும்போது வெட்டிய கிளைகளை ஓரமாக இழுத்துப் போடுவார்கள். உதிர்ந்ததெல்லாம் வண்டித்தடத்திலேயே கிடக்கும். மழை பெய்து ஓய்ந்ததும் தரையில் நெருஞ்சி படர ஆரம்பிக்கும்.

இரண்டு முள்ளும் ஒரே மாதிரி குத்துவதில்லை. நெருஞ்சி சின்னது, கெட்டியானது. உள்ளே போவது சில மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரு வளைவைத் தாண்டுவதற்குள் டயரைச் சுற்றிலும் காய் ஒட்டியிருக்கும். பஞ்சர் கடைத் தொட்டியில் அந்த ட்யூப்பை அமுக்கினால் எங்கே ஒட்டுப்போடுவது என்றே தெரியாத அளவுக்குக் குமிழி வரும். சீமைக்கருவேல முள் வேறு ரகம். நீளமாக இருக்கும், நேராக இறங்கும், இறங்கியபின் உடைந்து நுனி மட்டும் டயர் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியே தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது. புது ட்யூப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் அந்த நுனி ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து அதையும் பதம் பார்க்கும். அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பஞ்சர் ஆகிறது என்றால் டயருக்குள் நுனி இருக்கிறது என்று அர்த்தம்.

மதுக்கரைப் பக்கம் நண்பர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு ரேஸ் நடத்துவதாக முடிவானது. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் தென்னந்தோப்பு, காய்ந்த குளத்தின் கரை, சுண்ணாம்புப் பாறை, இட்டேரி என்று ஒரு சுற்று போட்டு அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவது. ஒரே விதிதான்: வழியில் எது உடைந்தாலும் அவரவரே சரி செய்துகொள்ள வேண்டும், வெளியாள் கை வைக்கக்கூடாது. ட்யூப் மாற்றி, கையடக்கப் பம்பால் காற்றடித்துக் கிளம்ப ஐந்தாறு நிமிடமாவது போகும். ரேஸில் ஐந்தாறு நிமிடம் போனால் அப்புறம் வேடிக்கை பார்க்கத்தான் வரவேண்டும்.

என்னுடையது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத அலுமினியம் ஹார்டுடெயில், 29 இஞ்ச் சக்கரம், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தின் அதிர்வை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் கவட்டை. ரேஸ் என்றதுமே குழுவில் பேச்சு களைகட்டிவிட்டது. “அந்த ஃபோர்க்கைத் தூக்கிப் போட்டுட்டு ஏர் ஃபோர்க் மாத்துடா” என்றான் ஒருவன். “முன்னாடி மூணு பல்சக்கரம் வெச்சுட்டு யாராவது இப்போ ரேஸ் ஓட்டுவாங்களா, கழட்டி எறி மாப்ள” என்றான் இன்னொருவன். மூன்றாவது ஆள் பெடலிலிருந்து சீட் போஸ்ட் வரைக்கும் கிராம் கணக்குப் போட்டு வைத்திருந்தான். மூன்று பேர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் சுமாரான ஒரு ஏர் ஃபோர்க் விலைக்கு இரண்டு மூன்று ஜோடி நல்ல டயர் வாங்கலாம். சரளையில் முன்சக்கரம் வழுக்குவதற்கு ஃபோர்க் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். டயரில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அடித்து வைத்திருப்பதுதான் காரணம் என்பது என் கட்சி. காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும். ஆனால் ட்யூப் இருக்கும்வரை குறைக்க முடியாது. பாறை விளிம்பில் ஏறும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது போல் இரண்டு ஓட்டை விழும். ஆகவே முதலில் ட்யூப்பை எடுத்துவிட்டு ட்யூப்லெஸ்ஸாக்குவது, அதாவது டயருக்கும் ரிம்முக்கும் நடுவிலேயே காற்றை நிறுத்தி, ஓட்டை விழுந்தால் அடைக்கும் சீலன்ட் என்ற பாலை உள்ளே ஊற்றுவது. மற்றதெல்லாம் பிறகு.

ரிம்மைப் பார்ப்பதுதான் முதல் வேலை. டயரையும் ட்யூப்பையும் கழற்றிவிட்டு உள்ளே ஒட்டியிருந்த ரப்பர் பட்டையை உரித்தேன். நடுவில் ஒரு பள்ளம், அதன் இரண்டு பக்கமும் தட்டையான திட்டு, திட்டின் உள்விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் சின்ன மேடு. டயரின் விளிம்பு அந்தத் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால், காற்று குறைந்தாலும் பள்ளத்துக்குள் சரியாமல் அந்த மேடு பிடித்துக்கொள்ளும். மேடு இல்லாத பழைய ரிம்மிலும் சிலர் பட்டை சுற்றி ஓட்டுகிறார்கள். பாறையில் சாய்ந்து திரும்பும்போது டயர் கழன்று வந்தால் விழுவது நாம் என்பதால் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரிம்மில் 622x25 என்று அச்சிட்டிருந்தது. 622 என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், 25 என்பது உள் அகலம், இரண்டும் மில்லிமீட்டரில். டயரில் 57-622 என்று போட்டிருந்தால் அது 29x2.25. கடையில் 29 என்று வாயால் சொல்வதைவிட இந்த எண்ணைக் காட்டிக் கேட்டால் குழப்பம் இல்லை.

வண்டியோடு வந்த டயர் விளிம்பில் இரும்புக் கம்பி வைத்த சாதா டயர். அது சரிப்படாது, பக்கச்சுவரில் வியர்வை மாதிரி சீலன்ட் கசியும், விளிம்பும் இறுக்கமாக உட்காராது. மடக்கக்கூடிய விளிம்பு உள்ள, ட்யூப்லெஸ்ஸுக்கென்றே செய்த டயர் ஒரு ஜோடி வாங்கினேன். முன்னால் கட்டை, அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு, உயரமானது, பின்னால் நடுவில் நெருக்கமான கட்டை.

ரிம்மின் உள்ளே ஸ்போக் கம்பி ஓட்டைகள் வழியாகக் காற்று போகாமல் மூடுவதற்கு டேப் ஒட்ட வேண்டும். அதில்தான் பாதி வெற்றி. உள் அகலத்தைவிட நாலைந்து மில்லிமீட்டர் அகலமாக வேண்டும். 25க்கு 30 மி.மீ. டேப். ரிம்மை மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைக்க வேண்டும், எண்ணெய் இருந்தால் டேப் ஒட்டாது. வால்வு ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் ஆரம்பித்து, ஒரு முழுச் சுற்று வந்து, ஓட்டையைத் தாண்டி இன்னொரு சாண் போய் வெட்டினேன். அதனால் ஓட்டை இருக்கும் இடத்தில் இரண்டு அடுக்கு விழும். நன்றாக இழுத்துப் பிடித்தபடி ஒட்ட வேண்டும். பள்ளத்தின் அடிவரைக்கும் டேப் படிய வேண்டும். பாலம் போல் மேலாக நின்றால் காற்றழுத்தத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒட்டி முடித்ததும் பழைய ட்யூப்பையும் டயரையும் மாட்டி 40 பிஎஸ்ஐ அடித்து ராத்திரி முழுக்க வைத்தேன். டேப் கச்சிதமாகப் படிந்திருந்தது.

வால்வுக்கு ஓட்டை போட பிளேடைத் தொடக்கூடாது. பிளேடு வெட்டிய மூலையிலிருந்து டேப் கிழிந்துகொண்டே போகும். வீட்டில் இருந்த கோணி ஊசியை கேஸ் அடுப்பில் சுட்டுக் குத்தினேன். பிளாஸ்டிக் உருகி ஓரம் மொத்தமாகி வட்டமாக ஓட்டை விழுந்தது. வால்வை உள்ளிருந்து அழுத்தி நுழைத்து, வெளியே நட்டைக் கையால் மட்டும் இறுக்கினேன். குறடு போட்டு இறுக்கியவர்கள் நடுக்காட்டில் ட்யூப் போட வேண்டி வரும்போது நட்டைக் கழற்ற முடியாமல் நிற்பார்கள்.

டயரை ஏற்றும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து வால்வு இருக்கும் இடத்தில் முடிக்க வேண்டும். வால்வின் அடிக்கட்டை பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே விளிம்பு கீழே இறங்காது. மற்ற இடமெல்லாம் பள்ளத்தில் இறங்கியிருந்தால் கடைசியில் தளர்வு கிடைக்கும், லீவர் இல்லாமல் கட்டைவிரலாலேயே தள்ளிவிடலாம்.

அடுத்தது காற்று. நின்றுகொண்டு அடிக்கும் பம்பில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் விளிம்போரமாகப் புஸ்ஸென்று போய்விட்டது. ஒரே மூச்சில் நிறையக் காற்று போனால்தான் டயர் விரிந்து திட்டில் ஏறும். இதற்கென்று தனிப் பம்பு, தொட்டி எல்லாம் விற்கிறார்கள். பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலில் காற்றை ஏற்றி வைத்துத் திறந்துவிடும் வித்தையும் உண்டு. பாட்டில் வெடித்தால் முகம் போய்விடும் என்பதால் அது எனக்கு வேண்டாம். தெருமுனைப் பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் இருக்கும்போது எதற்கு இதெல்லாம்?

கடைக்கார அண்ணன் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, இது பால்பாயின்ட் பேனா ரீபிள் மாதிரி இருக்குது, நம்ம மவுத்து இதுல பிடிக்காதுங்களே.” மோட்டார் சைக்கிள், கார் வால்வுக்கு ஷ்ரேடர் என்று பெயர், இது பிரெஸ்டா. பித்தளை அடாப்டர் ஒன்றைத் திருகினால் சாதாரணமாக அவர் குழாயிலேயே காற்றடிக்கலாம். ஆனால் டயரை முதல்முறை ஏற்ற வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றிவிட வேண்டும், அப்போதுதான் காற்று தடையில்லாமல் போகும். பின்னைக் கழற்றினால் அடாப்டர் திருக மரையே இருக்காது. “தூசி ஊதற கன் இருக்குங்களாண்ணா?” என்று கேட்டேன். இருந்தது. டயர் விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, கன்னின் வாயை வால்வில் வைத்து அழுத்தி, சின்னச் சின்னதாக விட்டார். டயர் உப்பியது, பட் பட்டென்று இரண்டு சத்தம், விளிம்பு மேலே ஏறிவிட்டது. சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். கன்னில் மீட்டர் கிடையாது, அழுத்தம் எகிறினால் ரிம் தாங்காது.

“அவ்வளவுதானே? கார் டயர் இப்படியே ஓடுதுங்களே, இதுக்கு எதுக்கு உள்ள பால் ஊத்தறீங்க?” என்று கேட்டார். நல்ல கேள்வி. கார் டயருக்கு உள்ளே காற்றை விடாத தடித்த ரப்பர் பூச்சு உண்டு. 1999-இல் மாவிக், மிஷெலின், ஹட்சின்சன் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து மவுன்டன் பைக்குக்கு ட்யூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தபோது டயரை அப்படித்தான் செய்தார்கள். சீலன்ட் இல்லாமலே காற்று நின்றது, எடை கூடியது. அப்புறம் ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ் போன்ற நிறுவனங்கள் வந்து, மெல்லிய டயருக்குள் திரவத்தை ஊற்றி அடைத்துக்கொள்ளலாம் என்று வழி காட்டின. இப்போது நாம் வாங்குகிற ட்யூப்லெஸ் ரெடி டயர்கள் இந்த வழியில் வந்தவை. பக்கச்சுவரின் நுண்ணிய துளைகளை அடைப்பதும் சீலன்ட்தான், முள் குத்தினால் அடைப்பதும் அதுதான்.

சீலன்ட் பாட்டிலைத் திறந்ததும் அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது. குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் நின்றவர்களுக்குப் பழகிய வாடை. அங்கேயும் பால் வழியில் உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா கலப்பார்கள், ஷீட் போட வேண்டும் என்றால் அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். நான் வாங்கியதும் இயற்கை ரப்பர் பால்தான், கூடவே நுண்ணிய நார், துகள். ஓட்டை வழியாகக் காற்று பீறிடும்போது பாலும் சேர்ந்து வெளியே ஓடி, துகளோடு சிக்கிக் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். துகள் அடியில் தங்கிவிடும் என்பதால் பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். மருந்துக்கடையில் 50 மி.லி. சிரிஞ்ச் வாங்கி, வால்வு வழியாகவே சக்கரத்துக்கு 110 மி.லி. செலுத்தினேன். பின்னைத் திருப்பிப் போட்டுக் காற்றடித்து, சக்கரத்தைக் கிடையாகப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டிப் பக்கச்சுவர் முழுக்க நனைத்தேன். வெளியே அங்கங்கே வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்து அப்படியே காய்ந்தது.

முன்சக்கரம் அன்றைக்கே நின்றது. பின்சக்கரம் படுத்தியது. காலையில் பார்த்தால் டயர் தொளதொளவென்று இருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். டயர் ஓரத்தில் ஒன்றும் இல்லை, ஒரு ஸ்போக் கம்பி ரிம்முக்குள் நுழைகிற இடத்தில் குமிழி. இதைப் பார்த்து அந்தக் கம்பிக்கு மேலேதான் டேப் கிழிந்திருக்கிறது என்று நினைக்கக்கூடாது. டேப் எங்கே விட்டிருந்தாலும் காற்று ரிம்மின் பொந்துக்குள் சுற்றி வந்து எந்தக் கம்பி ஓட்டை லேசாக இருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். டயரைக் கழற்றி, பாலைத் துடைத்துவிட்டு டேப் முழுவதையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். வால்வுக்கு நேர் எதிரே, ரிம்மின் இரண்டு முனையும் சேர்கிற இடத்தில் டேப்பில் மெல்லிய வெள்ளைக் கோடு. டேப்பை உரித்துவிட்டு நகத்தால் தடவினேன். அலுமினியம் பிசிறு, மயிரிழைதான், ஆனால் பிளேடு போல் இருந்தது. ட்யூப் ஓடியபோது தடித்த ரப்பர் பட்டை அதை மறைத்திருந்திருக்கிறது. நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, விரல் வழுக்கிக்கொண்டு போகும்வரை வழவழப்பாக்கி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது டேப். மறுபடியும் பஞ்சர் கடை, மறுபடியும் பட் பட். இந்தத் தடவை நின்றது. புது ரிம்முக்கு டேப் ஒட்டுகிறவர்கள் அந்த இணைப்பை மட்டும் முதலிலேயே தடவிப் பார்த்துவிடுங்கள்.

சோதனைக்கு வேலியிலிருந்தே முள் ஒடித்து வந்தேன். நெருஞ்சி குத்தியதும் எடுத்ததும் தெரியவில்லை. ஈரமாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். சீமைக்கருவேல முள்ளை முழுசாக இறக்கி, பிடுங்கினேன். வெள்ளையாகப் பீய்ச்சியடித்தது. ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிப் பிடித்தேன். பால் அங்கே தேங்கி, சத்தம் குறைந்து, நின்றுபோனது. அழுத்தம் இரண்டு பிஎஸ்ஐதான் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த நண்பன், எனக்கு ஏர் ஃபோர்க் சிபாரிசு செய்தவன், அடுத்த நாளே டேப் எங்கே வாங்கினாய் என்று கேட்டான்.

எடை குறையும் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். 29 இஞ்ச் ட்யூப் ஒன்று சுமார் 200 கிராம். அதை எடுத்துவிட்டு சீலன்ட், டேப், வால்வு என்று பாதிக்கு மேல் திருப்பி உள்ளே வைக்கிறோம். டயர் கொஞ்சம் தடிப்பாக இருந்தால் மிச்சமும் போச்சு. கிடைக்கிற லாபம் அழுத்தத்தில்தான். நான் 72 கிலோ. முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐயில் நிறுத்தினேன். குளக்கரைச் சரளையில் பிரேக்கைப் பிடித்தபடி திரும்பினால் முன்சக்கரம் வெளியே ஓடுகிற அந்தப் பழைய பயம் போய்விட்டது. அதே ஃபோர்க்தான், ஆனால் கையில் அடிக்கிற அடி பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. இந்த அளவில் இரண்டு பிஎஸ்ஐ கூடினாலே வித்தியாசம் தெரியும். பெரிய பம்பின் முள் மீட்டரை நம்ப முடியாது. தனியாக ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது.

ரேஸன்று இட்டேரியில் முதல் சுற்றிலேயே சிலர் ஓரமாக உட்கார்ந்து ட்யூப் உருவிக்கொண்டிருந்தார்கள். என் டயரைச் சுற்றி வெள்ளைப் பொட்டுகள் வந்துவிட்டன, காற்று போகவில்லை. சுண்ணாம்புப் பாறைதான் கணக்குத் தீர்த்தது. ஒரு கூர்விளிம்பில் பின்டயர் உரசி, கட்டை முடிந்து பக்கச்சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் அரிசி நீளத்துக்குக் கிழிந்தது. அதைப் பாலால் அடைக்க முடியாது, ஊற்றிக்கொண்டே இருந்தது. சைக்கிளுக்கென்று மெல்லிய பிசின் ரப்பர்த் திரி விற்கிறார்கள், முள்கரண்டி போல் நுனி பிளந்த ஊசியில் கோத்து ஓட்டைக்குள் திணித்துவிட்டு வெளியே இழுத்தால் திரி மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். திணித்தேன். நின்றது. கையடக்கப் பம்பால் கொஞ்சம் காற்று. ட்யூப் மாற்றுகிற நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. மோட்டார் சைக்கிள் பஞ்சர் கிட்டில் வருகிற தடித்த திரி இதற்கு ஆகாது. ஓட்டையைப் பெரிதாக்கித்தான் உள்ளே போகும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரால் அடிக்கிறவர்கள் சீலன்ட் பாட்டிலில் அனுமதி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் பால் அந்த வாயுவில் கட்டியாகிவிடுவதுண்டு. ரேஸை நடுவரிசையில் எங்கோ முடித்தேன். ஜெயித்தவன் வண்டியில் முன்னால் இரண்டு பல்சக்கரம் இருந்தது, குழுவில் அதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

இனி பராமரிப்பு. சித்திரை வெயிலில் வெளியே நிற்கிற வண்டியில் பால் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பின்னைக் கழற்றி, மெல்லிய கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு எடுத்துப் பார்க்கிறேன்; நுனி நனைந்து வந்தால் சரி, காய்ந்து வந்தால் இன்னொரு 50 மி.லி. பின்னில் பால் உறைந்து அடைத்துக்கொள்வதும் சகஜம், உதிரியாக இரண்டு பின் பையில் இருக்கட்டும்.

ட்யூப்லெஸ் போட்டவர்கள் ட்யூப் எடுத்துப் போக வேண்டியதில்லை என்று ஒரு பேச்சு ஓடுகிறது. டயர் பெரிதாகக் கிழிந்துவிட்டால் ட்யூப்தான் வீடு சேர்க்கும். ஆனால் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சீலன்ட் அடைத்து அடைத்து நமக்குத் தெரியாமலே டயருக்குள் முள் நுனிகள் சேர்ந்துகொண்டே போகும். பின்டயரைக் கழற்றி உட்புறத்தைப் பழந்துணியால் ஒரு சுற்று துடைத்தபோது துணி எத்தனை இடத்தில் மாட்டியது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அத்தனையையும் புருவம் பிடுங்குகிற டிவீசரால் எடுக்க வேண்டியிருந்தது. அதை எடுக்காமல் ட்யூப்பைப் போட்டால் தோப்பு தாண்டுவதற்குள் அது சல்லடையாகிவிடும். ட்யூப்போடு டிவீசரும் இப்போது சீட்டுக்கு அடியில் இருக்கும் பையில் இருக்கிறது.

முன்கியரைக் கழற்றுவதுதான் அடுத்த வேலை. 2012-இல் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 கியர் செட் வந்த பிறகு முன்னால் ஒரே சக்கரம், ஒரு பல் தடித்து ஒரு பல் மெலிந்து செயினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு என்று ரேஸ் வண்டிகள் மாறிவிட்டன. என் கிராங்கில், அதாவது பெடல் மாட்டும் தண்டில், பல்சக்கரத்தைப் பிடிக்க நாலு போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 104 மி.மீ., ஆக 32 பல் சக்கரம் உட்காரும். பின்னால் இருக்கும் 11-34 கேசட்டோடு (11 முதல் 34 பல் வரையுள்ள பல்சக்கர அடுக்கு) இங்குள்ள ஏற்றங்களை 32-இல் மிதிக்க முடியுமா என்று பார்க்க, முன்னால் 32 பல் உள்ள நடுச்சக்கரத்தைத் தவிர வேறெதையும் தொடாமல் கொஞ்ச நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.